வழி காட்ட வந்த ஆள்

சிராங்கூன் ரோடு, சிங்கப்பூர்
1908, ஐப்பசி மாதம்

தைப்பிங் ரயில் ஆபீசில் குமாஸ்தாவாக இருக்கும் என் அண்ணன் மகன், தகப்பனில்லாத நாள் முதல் எனக்கும் மகன், சிரஞ்சீவி கோவிந்தசாமிக்குச் சித்தப்பன் மனசார வாழ்த்தி எழுதுவது. இங்கே நானும் இருபது எருமைகளும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். உனக்கு அந்த இருமல் விட்டதா?

உன் கடுதாசி கிடைத்தது. எனக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும், ஆனாலும் என் மகன் எழுத்து முத்து முத்தாக இருப்பதை நாலு பேர் பார்க்கட்டும் என்று முகைதீன் பாய் தேத்தண்ணிக் கடையில் கொடுத்து உரக்க வாசிக்கச் சொன்னேன். தை மாதம் எனக்குக் கலியாணம், அப்பா ஸ்தானத்தில் நீங்கள் வந்து உட்கார வேண்டும், சித்தப்பா பெரிய கன்ட்ராக்டர் என்று பெண் வீட்டில் சொல்லியிருக்கிறேன், கோட்டும் தலைப்பாகையுமாக வாருங்கள் என்று பாய் வாசித்தார். எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். அடுத்த வரியில், போன மாதம் நான் வந்தபோது நீங்கள் ஜோகூர் போயிருந்தீர்கள், உங்கள் மாட்டுக்காரன்தான் ஊர் சுற்றிக் காட்டினான், நாற்றம் தாங்கவில்லை, வாயைத் திறந்தால் புளுகு, அவனை உடனே நீக்கிவிடுங்கள் என்று இருந்தது. பாய் அத்தோடு கடுதாசியை மடித்து என் கையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி ஆற்றப் போய்விட்டார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

அந்த மாட்டுக்காரன் நான்தான் தம்பி. கன்ட்ராக்டர் வேலாயுதம் மாடி வீடு எது என்று நீ குளத்தங்கரையில் வந்து கேட்டபோது நான் இடுப்பளவு சேற்றில் நின்று யாரோ முதலாளியின் எருமையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் மூக்கும் அண்ணன் நிற்கும் தினுசுமாக நீ நின்றாய். உனக்கு என் கடுதாசிதான் தெரியும், முகம் தெரியாது. மாடி வீடு, இரட்டைக் குதிரை வண்டி என்று பதினெட்டு வருஷமாக நான் எழுதியதெல்லாம் ஞாபகம் வந்தது. முதலாளி ஜோகூர் போயிருக்கிறார் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஆனாலும் உன்னோடு ஒரு பகல் கிடைத்ததே என்று துள்ளினேன். பந்தயத் திடலில் துரைமார் குதிரைகள் பிராந்தி குடித்துவிட்டுத்தான் ஓடும் என்று சொல்லிக் காட்டினேன். தேக்காச் சந்தையில் மலாய்க்காரியிடம் சுடச்சுட வாழைப்பழப் பலகாரம் வாங்கித் தந்தேன். சீனன் கூத்துக்கு முன்வரிசையில் உட்கார வைத்தேன், கம்போங் கிளாம் அத்தர் கடையில் உன் கைக்குட்டையை நனைத்துத் தரச் சொன்னேன். அந்த அத்தரை நீ எதற்கு மூக்கில் வைத்துக்கொண்டே நடந்தாய் என்று இப்போதுதான் விளங்குகிறது. என் எருமை டிராம் வண்டியை முட்டி நிறுத்தியது என்று சொன்னேனே, அது மட்டும் நிஜம், நம்பினால் நம்பு. அதற்கு நீ சிரித்தாய். அந்தச் சிரிப்புக்காக இன்னும் நாலு புளுகு புளுகினேன்.

நாம் இரண்டு பேரும் பாய் கடைக்குப் போனபோது, யாருண்ணே இது, உங்க மவனா என்று அவர் என்னைத்தான் கேட்டார். நீ முந்திக்கொண்டு, சே, இவன் மாட்டுக்காரன், வழி காட்ட வந்த ஆள் என்றாய். பாய் என் முகத்தைப் பார்த்தார், நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். கடையை விட்டு இறங்கியதும், ஏய், பத்தடி தள்ளி நட, ஆட்கள் பார்க்கிறார்கள் என்றாய். பொய்யை ஆரம்பித்தவன் நான், அதற்கு உன்னைக் கோபிக்க எனக்கு வாயில்லை. ஆனால் பத்தடி தள்ளி நட என்றாயே, அது நான் கொடுத்தது இல்லை, உன் சொந்தச் சரக்கு.

கலியாணத்துக்குக் கன்ட்ராக்டர் வரமாட்டார், அப்படி ஒருத்தர் கிடையாது. நீயும் அந்தப் பெண்ணும் ஒருத்தர் பக்கத்தில் ஒருத்தர் நடந்து, சோற்றுக்கும் பிள்ளைகளுக்கும் குறைவில்லாமல் நெடுநாள் இருங்கள். இருமலுக்கு மிளகைத் தட்டிப் பனங்கற்கண்டோடு போட்டுக் குடி, மறக்காதே. அப்பா ஸ்தானத்தில் உட்கார ஆள் வேண்டுமென்றால் அந்த மாட்டுக்காரனுக்கு ஒரு பத்திரிகை அனுப்பு, குளித்துவிட்டு வருவான். அவன் பேர் தெரியாதே என்பாய். காலையிலிருந்து விளக்கு வைக்கிற வரை கூடவே நடந்தான், நீ கேட்கவில்லை. கீழே எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
எருமைக் கொட்டடி வேலாயுதம்