மூக்குத்தி குத்திய நாள்

மாசி 14, புதன்

இன்று மூக்கு குத்திக்கொண்டேன். கோவில்பட்டியில் முதல் கடைக்காரர் குத்துகிற துப்பாக்கியை அழுக்குத் துண்டால் துடைத்தார். எழுந்து வந்துவிட்டேன். அடுத்த கடையில், "அண்ணாச்சி, புது ஊசிய என் கண்ணு முன்னால பிரிங்க. கைய சோப்பு போட்டுக் கழுவினியளா?" என்று கேட்டேன்.

"ரெண்டு தடவ கழுவிட்டேன் தாயி" என்று சிரித்தார். நறுக்கென்று ஒரே குத்து, ரத்தமே வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் களத்தில் காய்ந்த மிளகாய் வத்தலை மூடையில் அள்ளினேன். மதினி வந்து, "ஏட்டி, எந்தப் பக்கம் குத்தியிருக்க?" என்றாள். கடையில் அண்ணாச்சியிடம் கை கழுவினாரா என்று கேட்டதையும் சொல்லி, பெருமையாகத் தொட்டுக் காட்டினேன்.

நான் போட்ட அலறலில் தெருவே கூடிவிட்டது. மதினி தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டாள். "அண்ணாச்சி கைய கேட்டியே, ஒன் கைய யாருட்டி கேக்க?"

சிரித்தால் இன்னும் எரிகிறது.