என் மாத்திரையும் உன் நெஞ்சும்

மதினி,

இன்று காலை ஏலக்காய்த் தோட்டத்துக்கு மலை மெட்டு ஏறும் ஜீப்பில் யாரோ தூக்குவாளியைத் திறந்தார்கள். பூண்டு ஊறுகாய் வாசனை. அவ்வளவுதான், நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாய். போடியைத் தாண்டுவதற்குள் மத்தியானச் சோற்றில் பாதியை முடித்துவிடுகிற ஆளல்லவா நீ!

எனக்கு நெஞ்செரிச்சல் வந்த வருஷம் உன்னை என்ன பாடுபடுத்தினேன்! ஏலம் செடியின் அடித்தூரில்தான் காய்க்கும். நாள் முழுக்கக் குனிந்தே கிடக்க வேண்டும். குனிந்தால் போதும், புளித்த தண்ணீர் தொண்டைவரை வரும். புற்றுநோய்தான் என்று நானே முடிவுகட்டி அழுதேன். "அடி கூறுகெட்டவளே, அழுது என்ன ஆகப்போகுது? கெளம்பு, டாக்டரப் பாப்போம்" என்று சோலியை விட்டுவிட்டு என்னை இழுத்துப் போனாய்.

முதலில் ஈசிஜி எடுத்தார்கள். இதயத்தில் குறையில்லை. பிறகு வாய்வழியே குழாய் விட்டுப் பார்த்து, 'ஹையாட்டல் ஹெர்னியா' என்றார் டாக்டர். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசையில் உணவுக்குழாய் இறங்கும் துவாரம் தளர்ந்து, இரைப்பையின் மேல்பகுதி அதன் வழியே ஏறியிருக்கிறதாம். இரைப்பையின் வாய் சரியாக மூடாததால் அமிலம் மேலே வருகிறதாம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "சாக்கு வாய இறுக்கிக் கட்டாம கவுத்தா காய் கொட்டாதா? அதுதேன்" என்றாய். டாக்டரே சிரித்துவிட்டார். மாத்திரை தந்தார், சாப்பாட்டைப் பிரித்துச் சாப்பிடு, சாப்பிட்டதும் குனியாதே, இடுப்பில் காய் போடும் சாக்கை இறுக்கிக் கட்டாதே, தலைமாட்டை உயர்த்திப் படு என்றார். ஒரு மாதத்தில் தேறிவிட்டேன்.

அதன்பின் என் மாத்திரை அட்டை ஜீப்புக்கே பொதுவானது. நெஞ்சு எரிகிறது என்று யார் கை நீட்டினாலும், பெரிய டாக்டரம்மா மாதிரி ஒன்று பிய்த்துக் கொடுப்பேன். உனக்கும் கொடுத்தேன். மேடேறினால் நெஞ்சு எரியுது, இடது தோள் கடுக்குது என்றாய். "எனக்கு வந்ததுதேன் ஒனக்கும் மதினி" என்றேன். மூன்று நாள் கொடுத்தேன். நான்காம் நாள் தோட்டத்திலேயே சாய்ந்தாய். மாரடைப்பு, உயிர் இல்லை என்றார்கள். எனக்குக் குனிந்தால் எரிந்தது, உனக்கு ஏறினால் எரிந்தது. அதைக்கூட யோசிக்கவில்லையே, பாவி நான்! என்னை இழுத்துப் போனது போல உன்னை நான் இழுத்துப் போயிருக்க வேண்டும்.

போன வாரம், எங்களோடு காய் எடுக்கும் தேவாரம் ஊர்க்காரி சரிவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, அந்த மாத்திரையக் கொண்டா" என்றாள்.

"மாத்திரையும் கிடையாது, மண்ணும் கிடையாது. வெரசா ஜீப்புல ஏறுடி!"

கங்காணி கத்தினார். கத்தட்டும். ஈசிஜியைப் பார்த்ததுமே டாக்டர் ஊசி போட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ரத்தக்குழாயில் அடைப்பாம், நேரத்தோடு கொண்டுவந்ததால் பிழைத்தாள் என்றார்கள்.

நேற்று பார்க்கப் போனேன். கட்டிலில் சாய்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாள். அவள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதேன் எங்கம்மாவக் காப்பாத்துனீக" என்றாள்.

"நானில்ல ஆத்தா" என்று உன் பேரைச் சொன்னேன். அந்தப் பிள்ளைக்கு உன்னைத் தெரியாது. பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன், இதுவரை யாரிடமும் சொல்லாத என் தப்பையும் சேர்த்து.