சாப்பிடாமல் ஏறிய சர்க்கரை

2022 செப்டம்பர் 9
காலை 5.10. சர்க்கரை 194. நேற்று படுக்கும்போது 151. நடுவில் தண்ணீர் தவிர எதுவும் உள்ளே போகவில்லை. பட்டினி கிடந்தவனுக்கு இது எங்கிருந்து ஏறியது?

ஒஃபேலியாவிடம் சொன்னேன். "இனிப்பு ரொட்டி டப்பாவைக் கேளு, அது சொல்லும்" என்றாள். முப்பத்தோரு வருடக் குடித்தனம். நம்பிக்கை இவ்வளவுதான்.

செப்டம்பர் 10
டப்பாவைப் பூட்டி, சாவியை அவளிடமே கொடுத்துவிட்டுப் படுத்தேன். காலை 201. திறந்து ரொட்டிகளை இரண்டு முறை எண்ணினாள். ஒன்றும் குறையவில்லை. ரொம்ப நேரம் சிரித்தோம்.

செப்டம்பர் 17
கிளினிக்கில் நர்ஸ் கிராசியேலாவிடம் கேட்டேன்.

"உங்க கல்லீரலே செஞ்சு ரத்தத்துல விடுது. தூங்கும்போதும் உடம்புக்குச் சர்க்கரை வேணும்ல? போதும்னு நிறுத்தச் சொல்றது இன்சுலின் வேலை. உங்க கல்லீரல்ல கொழுப்பு படிஞ்சிருக்கு, சொன்னா கேக்க மாட்டேங்குது."

"நான் பீர்கூடத் தொட்டதில்லையேம்மா!"

"குடிக்காதவங்களுக்கும் வரும்."

ஐம்பத்தாறு வருடமாக எனக்குள் இப்படியொரு வேலை நடந்திருக்கிறது, எனக்கே தெரியாது! இரவு இன்சுலினைக் கூட்டிக் கொடுத்தார்கள்.

2024 அக்டோபர் 3
இரண்டு வருடமாக இந்த நோட்டைத் தொடவில்லை. இன்று எழுத வேண்டும். காலை 92! மூன்று மாதச் சராசரி காட்டும் பரிசோதனையில் 5.3! சாப்பாட்டில் எதையும் மாற்றவில்லை. மாலையில் கால் வீங்குகிறது, அவ்வளவுதான்.

"என் கிழவனுக்குச் சர்க்கரை போயிருச்சு" என்று ஒஃபேலியா லாரெடோ ஊர் முழுக்கப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

ஆனால் ஏன் போனது?

அக்டோபர் 21
காலையில் நான் ஓட்டும் பள்ளிக்கூட பஸ்ஸில் நானும் நின்ஃபாவும் மட்டும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வருகிறவள் அவள். முதல் நிறுத்தம் இன்னும் வரவில்லை. சிக்னல் பச்சை. பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பச்சைன்னா என்ன செய்யணும்? தெரியல. நிஜமாவே தெரியல.

"போங்கண்ணே... அண்ணே? ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுது?" எழுந்து வந்து அவளே பிரேக்கைப் போட்டாள். பழச்சாற்றை வாயில் வைத்துக் குடிக்கச் சொன்னாள். விரலைக் குத்திப் பார்த்தபோது 47.

பிள்ளைங்க ஏறியிருந்தா? ஐயோ.

டிப்போவில் பஸ் சாவியை நானே மேசைமேல் வைத்தேன். யாரும் கேட்கவில்லை.

அக்டோபர் 30
டாக்டர் சல்தீவார் ஸ்கேன் படத்தைக் காட்டினார். கல்லீரல் தழும்பேறிச் சுருங்கியிருக்கிறது. பல வருடமாகவே ஆகிக்கொண்டிருந்திருக்கும் என்றார். பயத்துக்கு முன் எனக்குக் கேள்விதான் வந்தது.

"கெட்டுப்போனா சர்க்கரை ஏறத்தானே செய்யணும் டாக்டர்? எப்படிக் குறைஞ்சது?"

நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "முதல்ல ஏறுச்சு. இப்போ தழும்பு முத்திடுச்சு. சர்க்கரையைச் சேர்த்து வைக்கிற இடமே கல்லீரல்தான். இருப்பு கம்மி, விடியறதுக்குள்ள தீர்ந்துடுது. இன்சுலினை உடைச்சுக் கழிக்கிறதுலயும் அதுக்குப் பங்கு இருக்கு. அது சரியா நடக்கலைன்னா இன்சுலின் ரத்தத்துலயே தங்கி இன்னும் இறக்கும்."

"அப்போ அந்த 5.3?"

"அது ரத்த சிவப்பணுவுல ஒட்டின சர்க்கரையை அளக்குற பரிசோதனை. உங்களுக்கு மண்ணீரல் வீங்கி, அணுக்கள் சீக்கிரமே செத்துடுது. ஒட்டுறதுக்கே நேரமில்ல. அந்த நம்பரை நம்பாதீங்க."

நோய் முற்றியதைத்தான் நாங்கள் கொண்டாடியிருக்கிறோம்.

"ஊரெல்லாம் சொல்லிட்டேனே" என்று ஒஃபேலியா வழியெல்லாம் அழுதாள். அவள் என்ன செய்வாள்? எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நவம்பர் 12
இன்சுலின் அளவைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். படுக்கும்முன் கட்டாயம் சாப்பிட வேண்டுமாம்! ஒஃபேலியா டோர்ட்டியா ரொட்டியில் பீன்ஸ் வைத்துச் சுருட்டி நீட்டுகிறாள். "தின்னு கிழவா. இனி பட்டினி கிடந்தாத்தான் திட்டுவேன்."

கையில் சென்சார் ஒட்டியிருக்கிறார்கள். இரவு முழுக்கச் சர்க்கரை போகும் கோடு போனில் தெரிகிறது. சின்ன மேடு, பிறகு சரிவு, விடிகாலையில் 104. வேறு எதையும் நான் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

2025 ஜனவரி 15
சான் அன்டோனியோ மருத்துவமனையிலிருந்து கடிதம். மாற்றுக் கல்லீரலுக்குத் தகுதி உண்டா என்று மார்ச் 6 அன்று பார்ப்பார்கள். ஒஃபேலியாவிடம் காட்டினேன். நாள்காட்டியில் அந்தத் தேதிக்கு வட்டம் போட்டாள்.

பிப்ரவரி 10
நின்ஃபா ஓட்டுநர் தேர்வில் தேறிவிட்டாள். இன்று முதல் பஸ்ஸை அவள் ஓட்டுகிறாள், பிள்ளைகளுக்கு பெல்ட் மாட்டிவிடுவது என் வேலை. பத்தொன்பது பேர் ஏறினார்கள்.

"எவ்வளவுண்ணே?" என்று கண்ணாடி வழியாகக் கேட்டாள்.

போனில் சர்க்கரைக் கோட்டைப் பார்த்தேன். "நூத்து இருபத்தாறு."

தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.