பவுனம்மாளின் கையெழுத்து

ஸ்காட் ரோடு, பிரிக்பீல்ட்ஸ்
2.2.1986

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வேலாயுதம் எழுதுவது. சளி மட்டும் விடவில்லை, மற்றபடி சுகம். குழந்தை புஷ்பா எப்படி இருக்கிறாள்? உன் கேன்டீன் வேலை இன்னும் விடிகாலை ஐந்தரை மணிக்குத்தானா?

தைப்பூசத்துக்கு நீ வராதது ஒரு வகையில் நல்லதுதான். வந்திருந்தால் என்னைப் பார்த்திருப்பாய். பத்துமலையில் மேசை போட்டு, தூக்குத் தண்டனையை ஒழிக்க வேண்டும் என்று கையெழுத்து வாங்கினோம். எங்கள் குழுவில் மொத்தம் ஆறு பேர். அச்சக முதலாளி காகிதம் இனாமாகக் கொடுத்தார். காலையில் மேசைக்கு முன்னால் நீளமாக வரிசை நின்றது, எனக்கு ஒரே பெருமை. அப்புறம்தான் தெரிந்தது, முதலில் நின்ற ஆள் இது மலிவு வீட்டு மனு என்று கிளப்பிவிட்டிருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் பாதிப் பேர் நழுவிவிட்டார்கள். "தம்பி, நான் கவர்மெண்டு வேலைலா, பேர் போட்டா வம்பு" என்றார் ஒருவர். ஒரு ஆன்டி மட்டும், "வீடு கெடைக்காட்டியும் பரவால்ல, ஒரு உசுரு பொழைக்கட்டும்" என்று போட்டுவிட்டுப் போனார்.

கடைசியாக வந்த பெரியவர் கேட்டார், "ஒன் வீட்டுல ஒருத்தனக் கொன்னிருந்தா இப்டி மேச போட்டுக்கிட்டு ஒக்காருவியா?" எனக்கு மாமா முகம்தான் கண்ணில் வந்து நின்றது.

சுற்றி வளைக்கவில்லை அக்கா. மாமா கொலைக் கேஸில் நாகையாவின் கடைசி அப்பீலும் தள்ளுபடியாகிவிட்டது. இனி கருணை மனு ஒன்றுதான் பாக்கி. பெட்டாலிங் ஜெயாவில் லாயர் அடைக்கப்பன் அதை எழுதுகிறார். ஆயிரம் பேர் போடுவதைவிட, செத்தவருடைய மனைவி போடும் ஒரு கையெழுத்துதான் எடுபடும் என்கிறார். மார்ச் பதினைந்துக்குள் வேண்டும். நீ கையெழுத்துப் போட வேண்டிய பாரம் இதோடு வைத்திருக்கிறேன்.

என்னை ஏசினாலும் பரவாயில்லை, பதில் மட்டும் எழுது.

உன் தம்பி,
வேலாயுதம்

கிள்ளான்
9.2.1986

தம்பி வேலாயுதத்துக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

சளிக்கு ஓமத்தை வறுத்துத் துணியில் கட்டி மோந்து பார். சொன்னால் கேட்கமாட்டாய், ஊருக்கு மட்டும் புத்தி சொல்வாய்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்குக் கேன்டீனில் மீகூனுக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். உனக்கு எப்படியடா மனசு வந்தது? நாலு வருஷம் உன் மாமா ஓட்டிய லோரியில் கெலிண்டனாகக் கூடவே போய்ச் செம்பனைக் குலை ஏற்றி இறக்கியவன். பொழுது சாய்ந்தால் என் வீட்டில்தான் சாப்பாடு. "அண்ணி, இன்னுங் கொஞ்சம் கொழம்பு" என்று தட்டை நீட்டுவான். அந்தக் கையால்தான் ஜெஞ்சாரோமில் சம்சுச் சாராயம் குடித்துவிட்டு, ஏதோ ஒரு சொல்லுக்காக இரும்புக் கம்பியை எடுத்தான். சோறு போட்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவனுக்கு நான் கையெழுத்துப் போட வேண்டுமா?

உனக்கு ஒன்று தெரியாது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மாரியம்மன் கோவிலில் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தேன். அவனைத் தூக்கில் போட்டால் ஆடி மாதம் பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். நாலு வருஷமாக அந்த முடிச்சு அங்கேதான் கிடக்கிறது. இப்போது நான் கையெழுத்துப் போட்டால் ஆத்தாவிடம் என்ன சொல்லுவது? நான் சும்மா விளையாடினேன் என்றா?

பாரத்தைக் கிழித்துப் போட எடுத்தேன். கிழிக்கவில்லை. ஏன் என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை.

புஷ்பாவுக்கு ஸ்கூலில் உதவிப் பணப் பாரம் கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் மலாயில் இருக்கிறது. நீ வந்தால் எப்போதும்போல எழுதிக் கையெழுத்தும் போட்டுவிடு.

அக்கா,
பவுனம்மாள்

பிரிக்பீல்ட்ஸ்
18.2.1986

அன்புள்ள அக்காவுக்கு,

நீ ஏசியது எனக்கு வேண்டியதுதான். ஓமம் வாங்கிவிட்டேன்.

மாமாவை நான் மறந்துவிட்டேன் என்று மட்டும் நினைக்காதே. எனக்கு முதன்முதலில் முழுக்கால்சட்டை தைத்துக் கொடுத்தவர் அவர்தான். நாகையா செய்தது சரி என்று நான் எந்த மேசையிலும் சொல்லவில்லை. ஜெயிலிலேயே கிடக்கட்டும். ஆனால் ஒரு நாளும் மணியும் குறித்து வைத்து ஓர் ஆளைக் கொல்வது எனக்கு ஆகவில்லை அக்கா. குழுவில் பேசும்போது இதெல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது. உனக்கு எழுத உட்கார்ந்தால் எதுவும் வரமாட்டேன் என்கிறது.

நன்றாக யோசி. உன் மனசு எப்படியோ அப்படியே செய்.

வேலாயுதம்

கிள்ளான்
4.3.1986

அன்புத் தம்பிக்கு,

நான் ஒரு பைத்தியக்கார வேலை செய்துவிட்டேன். சிரிக்காமல் படி.

கோவில் பண்டாரத்திடம் போய், வேண்டுதலை மாற்றலாமா என்று கேட்டேன். "நான் யாரும்மா சொல்றதுக்கு? ஆத்தாகிட்டயே பூக்கட்டிப் பாரு" என்றார். சரியென்று சிவப்பு அரளி ஒரு பொட்டலம், வெள்ளை அரளி ஒரு பொட்டலம் கட்டி ஆத்தா காலடியில் வைத்தோம். சிவப்பு வந்தால் அவன் சாகட்டும், வெள்ளை வந்தால் கையெழுத்து. எதற்கு என்று சொல்லாமல் புஷ்பாவை எடுக்கச் சொன்னேன்.

சிவப்புதான் வந்தது.

எனக்குச் சந்தோஷம் வரவேண்டுமா, வேண்டாமா? நாலு வருஷமாகக் கேட்டதை ஆத்தா கொடுத்துவிட்டாள். எனக்கோ அந்தப் பொட்டலத்தைக் கையில் வாங்க முடியவில்லை. இன்னொரு தடவை பார்க்கிறேன் சாமி என்றேன். இரண்டாம் தடவை வெள்ளை வந்தது. அதற்கும் மனசு கேட்கவில்லை. மூன்றாம் தடவைக்குப் பொட்டலம் கட்டும்போது பண்டாரம், "இது என்னா எம்பேரெட்டு லாட்டரியாம்மா?" என்று கத்தி அனுப்பிவிட்டார்.

கோர்ட்டில் கேட்டது ஒன்று இப்போது அடிக்கடி ஞாபகம் வருகிறது. அடித்தவனே உன் மாமாவை லோரியில் ஏற்றி, லைசன்ஸ் இல்லாமல் ஆஸ்பத்திரி வரைக்கும் ஓட்டி வந்தானாம். வழியெல்லாம் "அண்ணே, அண்ணே" என்று அழுதானாம். அன்றைக்கு நான் காதைப் பொத்திக்கொண்டேன். அவனை நினைத்தால் வெறுப்பாகத்தான் இருக்கிறது. தூக்குக் கயிற்றை நினைத்தால் சோறு இறங்கவில்லை. இரண்டும் ஒரே மனசில் எப்படி இருக்கும்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பாரம் அரிசி டின்னுக்கு அடியில் இருக்கிறது. எனக்குப் பங்குனி உத்திரம் வரைக்கும் நாள் கொடு. லாயரிடம் பத்து நாள் கூடக் கேட்டுப் பார்.

அக்கா,
பவுனம்மாள்

பிரிக்பீல்ட்ஸ்
16.3.1986

அன்புள்ள அக்காவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். நாள் நீட்டிக்க முடியாதாம். ஆனால் நீ கவலைப்படாதே. நான் பார்த்துக்கொண்டேன். பாரத்தைப் பற்றி இனி யோசிக்காதே, நன்றாகச் சாப்பிடு. புஷ்பாவின் ஸ்கூல் பாரத்தைத் தபாலில் அனுப்பு, நிரப்பித் தருகிறேன்.

வேலாயுதம்

கிள்ளான்
23.3.1986

வேலாயுதம்,

நேற்றுச் சாயங்காலம் வாசலில் ஒரு அம்மா நின்றார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், வெற்றிலை பாக்கு. யாரோ கல்யாணத்துக்குக் கூப்பிட வந்திருக்கிறார்கள் என்று உள்ளே வரச் சொன்னேன். உள்ளே வந்ததும் தடாலென்று என் காலில் விழுந்தார். நாகையாவின் அம்மா, வள்ளியம்மா. செமினியிலிருந்து மூன்று பஸ் மாறி வந்திருக்கிறார். "தாயே, நீ கையெழுத்துப் போட்டேன்னு லாயர் சொன்னாரு. ஜெயில்ல போயி எம்புள்ளகிட்டச் சொன்னேன். செவுத்தப் பாத்துத் திரும்பிக்கிட்டு அழுவுறான்" என்றார்.

என் காலைப் பிடித்திருந்த அந்தக் கையை நான் எப்படி உதறுவேன்? நான் போடவில்லை என்று எந்த வாயால் சொல்லுவேன்? காப்பி கலந்து கொடுத்தேன். சீனியைக் கீழே கொட்டிவிட்டேன். அந்த அம்மாவே கூட்டி அள்ளினார்.

சொக்சோ பென்ஷன் ஆபீசில் போட்டாய், ஸ்கூலில் போட்டாய், கரண்டு ஆபீசில் போட்டாய். என் பெயரை நீ எழுதி எழுதிப் பழகிவிட்டாய். நானும் பேசாமல் இருந்து பழக்கிவிட்டேன். ஆனால் இது கரண்டு பில்லா? உன் மாமாவைக் கொன்றவனை மன்னிப்பதற்கும் எனக்குப் பதிலாக நீதான் கையெழுத்துப் போடுவாயா?

நான் போட்டிருந்தாலும் போட்டிருப்பேன். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். இனி எனக்கு அது தெரியவே போவதில்லை.

பவுனம்மாள்

பிரிக்பீல்ட்ஸ்
27.3.1986

அக்கா,

நான்தான் போட்டேன். உன் கடிதத்தில் சிவப்புப் பூ வந்ததும் இன்னொரு தடவை பார்த்ததாக எழுதியிருந்தாயே, அதையே நீ சம்மதித்ததாக எடுத்துக்கொண்டேன். பதினைந்தாம் தேதி லாயர் மேசையில் உட்கார்ந்திருந்தேன். அவர் வைத்திருந்த இன்னொரு பாரத்தில் உன் பெயருக்கு நேரே இடம் காலியாக இருந்தது. கை தானாகப் போட்டுவிட்டது. அந்த நேரத்தில் அது தப்பு என்றே எனக்குத் தோன்றவில்லை. நான் சொல்வதை நம்பு.

இப்போது குழுக் கூட்டத்துக்குப் போகவே கூச்சமாக இருக்கிறது. ஆயிரம் பேரிடம் கெஞ்சி வாங்கினேன், உன்னிடம் மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருக்கவில்லை. லாயரிடம் உண்மையைச் சொன்னால் மனுவே பொய் என்று ஆகிவிடுமோ, அவன் உயிர் என்னால் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. என்ன செய்யட்டும்? நீ என்ன சொன்னாலும் செய்கிறேன்.

வேலாயுதம்

கிள்ளான்
14.4.1986

வேலாயுதத்துக்கு,

இன்றைக்கு வருஷப் பிறப்பு. புஷ்பாவுக்காகப் பாயசம் வைத்தேன்.

நீ என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். உன்னை ஒன்றும் செய்யச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. போன வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு, வழி கேட்டுக் கேட்டு, நானே பெட்டாலிங் ஜெயாவுக்குப் போனேன். லாயர் அடைக்கப்பன் நல்ல மனுஷர். அந்தத் தாளைக் காட்டச் சொன்னேன். என் பெயர் இங்கிலீஷில் சுழித்துச் சுழித்து அழகாக இருந்தது. "இது என் கையெழுத்து இல்லீங்க" என்றேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "அம்மா, இது இல்லன்னா அந்தப் பையனுக்கு வேற ஒண்ணுமே இல்லம்மா" என்றார்.

எனக்கு எழுந்து வந்துவிடலாம் போல இருந்தது. அங்கே பூவும் இல்லை, பண்டாரமும் இல்லை, நீயும் இல்லை. அப்புறம் வெள்ளைத் தாள் ஒன்று கேட்டேன். ஆறாம் வகுப்புப் படித்த தமிழில் இரண்டே வரி எழுதினேன்.

"நாகையாவை நான் மன்னிக்கவில்லை. அவனைத் தூக்கில் போட வேண்டாம்."

முதல் வரியை எடுத்துவிட்டால் நல்லது என்றார் லாயர். அதை எடுத்தால் இரண்டாவதையும் எடுத்துவிடுங்கள் என்றேன். வெகுநேரம் தலையைச் சொறிந்துவிட்டு, பழைய தாளை எடுத்துவிட்டு இதை மலாயில் மாற்றி வைப்பதாகச் சொன்னார். மேலே என்ன முடிவு வருமோ, அவருக்கும் தெரியாது.

அந்த மஞ்சள் முடிச்சு இன்னும் ஆத்தா காலடியில்தான் கிடக்கிறது. அவிழ்ப்பதா, விடுவதா என்று தெரியவில்லை. ஆடி வரட்டும், பார்ப்போம். அன்றைக்கு இரவு உன் மாமா கனவில் வந்து ஏதாவது சொல்லுவார் என்று பார்த்தேன். வரவில்லை.

உன் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை. இப்போது வந்தால் நன்றாக ஏசிவிடுவேன், அதனால் வராதே. வைகாசி பிறந்ததும் வா, நெத்திலி வறுத்து வைக்கிறேன். வரும்போது பேனாவை வீட்டிலேயே வைத்துவிட்டு வா. புஷ்பாவின் பாரத்தை அவள் டீச்சரிடம் கேட்டு நிரப்பிவிட்டேன். கோடு போட்ட இடத்தில் நிற்காமல் கையெழுத்துக் கோணலாக இறங்கிவிட்டது. ஸ்கூலில் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார்கள்.

இப்படிக்கு,
பவுனம்மாள்
(இது நான் போட்டது.)