தேவாங்கின் பற்கள்

14 ஆகஸ்ட் 1984, செவ்வாய்

தேவாங்கைக் கூடையில் வைத்து, ரந்தாவில் பஸ் ஏறி, சிரம்பான் வனவிலங்கு அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை, செம்பனைக் கன்று நடுவதற்காகக் காட்டோரம் மரங்களைச் சாய்த்த இடத்தில், கையில் வெட்டுக்காயத்தோடு கிடந்தது. பாவமாக இருந்ததால் வீட்டுக்குத் தூக்கிவந்தேன். காயத்தைக் கழுவும்போது என் விரலைக் கடித்துவிட்டது. வலி தாங்காமல் அழுதேன். என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

நேற்று நான் வேலைக்குப் போயிருந்தபோது, அவர் நகவெட்டியால் அதன் முன்பற்களை நறுக்கிவிட்டார். "இனிமே ஒன்ன கடிக்காதுலா" என்றார். எனக்குக் கோபம்கூட வரவில்லை. என்மேல் இவ்வளவு அக்கறையா என்றுதான் தோன்றியது.

இன்று சிரம்பான் அலுவலகத்தில் இருந்த தமிழ் அதிகாரி அதன் வாயைத் திறந்து பார்த்தார்.

"கை ஆறிடும்க்கா. பல்லு மொளைக்காது. பல்லு இல்லாம மரப்பிசின சொரண்டித் திங்க முடியாது. காட்டுல விட்டா பட்டினியில செத்துரும். இனி கூண்டுலதான்."

"பல்ல யாரு வெட்டுனா?" என்று கேட்டார். நான் காலிக் கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"அன்னைக்கே ஒங்க எஸ்டேட் ஆபீஸ்லேர்ந்து ஒரு போன் போட்டிருக்கலாமே" என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை. துணியில் சுற்றி வைத்துவிட்டு நான் வேலைக்குப் போனேன்.

ராத்திரி சாப்பிடும்போது அவர் கேட்டார், "கை ஆறுனதும் நம்ம காட்டுலயே விட்டுருவாங்கதானே?"

"ஆமா" என்றேன்.

"எங்கேயாச்சும் நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். நன்றாகத் தூங்குகிறார். நாளைக்காவது சொல்ல வேண்டும். சொன்னால் இப்படித் தூங்குவாரா?