குற்றாலத்தில் நான்கு நாள் சிங்கப்பூர்

1937 ஜூலை 25, ஞாயிறு. தென்காசி

அவித்த நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தபோது பீர் மைதீன் அண்ணாச்சி வந்தார். சிங்கப்பூரில் என் வீட்டுக்காரரும் அவரும் ஒரே சரக்குக் கிட்டங்கியில் மூட்டை எண்ணுகிறவர்கள். இவர் அவரிடம் கடிதம் கொடுத்தனுப்பியிருக்கிறார்.

அறை கிடைத்துவிட்டதாம்! ஆவணிக் கப்பலில் அண்ணாச்சியும் அவர் மனைவியும் திரும்பும்போது நானும் கூட வரலாமாம். ஆனால் இவர் விடியுமுன் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவார். இரண்டு பக்கத்து அறையிலும் சீனர்கள். ‘நீ தனியாகச் சமாளிப்பாயா? அம்மாவுக்குச் சம்மதமா? இரண்டுக்கும் ஆமென்றால் மட்டும் வா’ என்று எழுதியிருக்கிறார். ஆகஸ்ட் எட்டாம் தேதி அண்ணாச்சி பதில் கேட்க வருவார்.

கல்யாணமாகி நாலு வருஷம். சேர்ந்து இருந்தது நாற்பத்திரண்டு நாள். இதில் கேள்வி வேறு.

அத்தை, அதாவது மாமியார், முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னது ஒன்றுதான்: “சொரண்டைச் சந்தைக்கே தனியாப் போயி வரத் தெரியாது. இவ கடல் தாண்டிப் போயிக் குடியிருப்பாளாம்.”

ஜூலை 26, திங்கள்

அந்த ஊரில் குடியிருப்பது எப்படி என்று இவர் ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். மறக்காமலிருக்க இங்கே பார்த்து எழுதி வைக்கிறேன்.

விலாசத்தை எழுதி மடியில் வைத்துக்கொள். — சரி.

வீட்டுக்கு ஓர் அடையாளம் பிடி. எல்லா வீடும் ஒன்றுபோல இருக்கும்.

வழி கேட்டால் மூன்று பேரிடம் கேள். இரண்டு பேர் ஒன்றாகச் சொன்னால் போ. — ஒருவர் பொய் சொல்லுவாரா என்ன? தெரியாது என்று சொல்ல வெட்கப்படுவார்களாம்.

தினமும் ஒரே கடைக்குப் போ. முகம் பழகினால்தான் ஊர் பழகும்.

நம் ஊர்க்காரர்களோடு மட்டும் ஒட்டிக்கொண்டு இராதே. அவசரத்துக்கு ஓடிவருவது பக்கத்து அறைதான்.

அழுகிற நாளில் ஊருக்குக் கடிதம் எழுதாதே. — இதை எழுதின நாளில் இவர் அழுதிருப்பாரோ?

கடைசியில் மலாய் எண்கள், ஒன்று முதல் பத்து வரை.

ஜூலை 28, புதன்

ஸத்து, துவா, தீகா என்று எண்ணிக்கொண்டே நெல் குத்தினேன். ஏதோ பிடித்துவிட்டதென்று அத்தை திருநீறு பூசிவிட்டாள்.

ஜூலை 30, வெள்ளி

இன்று அத்தையோடு பெரிய வாய்ச்சண்டை. தனியாக இருந்து பார்க்காமலே தெரியாது தெரியாது என்றால் எப்படி? பேச்சுவாக்கில் எனக்கே ஒரு யோசனை வந்தது. இப்போது குற்றாலத்தில் சீசன். மலையாளத்தார், மதுரைக்காரர், மதராஸ்காரர் என்று முகம் தெரியாத கூட்டம். அங்கே அறை எடுத்து நாலு நாள் நான் குடித்தனம் நடத்திக் காட்டுகிறேன், அதுதான் எனக்குச் சிங்கப்பூர் என்றேன்.

அத்தை ஒத்துக்கொண்டாள். கூட வருவாளாம், வாயே திறக்க மாட்டாளாம், ஒரு துரும்பையும் எடுத்துப் போடமாட்டாளாம். அருவியில் குளித்துவிட்டுச் சும்மா இருப்பாளாம். பிழைக்கத் தெரிந்தவள் அத்தைதான்.

ஆகஸ்ட் 3, செவ்வாய். குற்றாலம்

வந்து சேர்ந்தோம். ஒரே வரிசையில் பன்னிரண்டு அறைகள், எல்லாக் கதவும் பச்சை. அடையாளத்துக்கு வாசலில் என் எட்டிதழ்க் கோலத்தைப் போட்டுவிட்டேன். அதை இந்த ஊரில் யாரும் போட முடியாது.

ஆகஸ்ட் 4, புதன்

எழுதவே வெட்கமாக இருக்கிறது. காய் வாங்கிக்கொண்டு திரும்பினால் கோலம் இல்லை. சாரல் பெய்கிற ஊரில் கோலத்தை நம்பினேனே, என்னை எதில் சேர்க்க! ஏதோ ஒரு நினைப்பில் ஓர் அறைக்குள் நுழைந்தேன். இழுத்துப் போர்த்திய உருவம். “அத்தை, இன்னுமா தூக்கம்” என்று கம்பளியை உருவினேன். உள்ளே வெள்ளை மீசை.

மலையாளத்துப் பெரியவர். அவர் அலறியதில் நானும் அலறினேன். அவர் மனைவி ஓடிவந்து, விஷயம் புரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் பேசியதில் பாதி புரிந்தது, மீதியைக் கையால் பேசினோம். அவித்த நேந்திரம்பழம் கொடுத்துவிட்டார். அத்தையும் இரண்டு தின்றாள்.

கிணற்றிலிருந்து ஏழாவது கதவு நம்முடையது. கிணறு எங்கும் போகாது.

ஆகஸ்ட் 5, வியாழன்

மூன்றாம் நாளாக அதே வடைக்கடை. இன்று கடைக்காரர் ஆவுடைநாயகம், “அத்தைக்கு மொளகா இல்லாத வடைதானே?” என்று அவராகவே கேட்டார். ஊர் பழகிவிட்டது!

ஆகஸ்ட் 6, வெள்ளி. ஆடி அமாவாசை

பேரருவியில் தலைக்கு மேல் தலை. குளித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அத்தை இல்லை.

மூன்று பேரிடம் கேட்டேன், ஆறு பேரிடம் கேட்டேன். மலையாளத்து அம்மா ஒரு பக்கம் தேடப் போனார். கடைசியில் ஆவுடைநாயகம்தான் கடையிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார், “ஒங்க அத்தை அங்கன கோயில் படியில இருக்காவ” என்று.

ஈரச்சேலையோடு உட்கார்ந்திருந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அழுதாள்.

“ஏட்டி, ரெண்டு நாழி ஒன்னக் காணல, எனக்கு நெஞ்சே நின்னுட்டு. நீயும் கப்பலேறிட்டா நான் அந்த வீட்டுல யாரப் போயித் தேட?”

இத்தனை நாளும் எனக்குச் சாமர்த்தியம் போதாது என்று நினைக்கிறாள் என்றே கோபப்பட்டேனே. மண்டு நான். போகவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. எனக்குப் போகவேண்டும். அவளை விடவும் மனமில்லை. இரண்டும் நிஜம். என்ன செய்ய?

ஆகஸ்ட் 8, ஞாயிறு. தென்காசி

அண்ணாச்சி வந்தார். நான் கதவோரம் நின்றேன். அத்தையைத் தனியே விட மனமில்லாமல் ராத்திரி ‘வரவில்லை’ என்று இவருக்கு எழுதிய தாள் கையில் இருந்தது. கடிதம் வந்து சேர எத்தனை நாள், அங்கே காய்ச்சல் கண்டால் யார் பார்ப்பார்கள் என்று அத்தை குடைந்து குடைந்து கேட்டாள். பிறகு சொன்னாள்:

“கூட்டிட்டுப் போங்க. இவ சமாளிச்சுக்கிடுவா. வழி தெரியாம நின்னது நாந்தான்.”

தாளைக் கசக்கி அடுப்பில் போட்டேன். இன்றைய சோறு குழைந்துவிட்டது, ஒருவரும் குறை சொல்லவில்லை.

ஆகஸ்ட் 11, புதன்

அத்தை சரியாகச் சாப்பிடுவதில்லை. கேட்டால் ‘பசியில்ல’.

ஆகஸ்ட் 13, வெள்ளி

பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் பரமக்குடியிலிருந்து புது டீச்சர் வருகிறாராம். ஊரில் ஒருவரையும் தெரியாதாம், தங்க இடம் தேடுகிறார்களாம். அண்ணாச்சி மனைவி சொன்னார். அத்தை காதில் வாங்காததுபோல் இருந்துவிட்டு, விளக்கேற்றும்போது கேட்டாள், பரமக்குடிப் பக்கம் சம்பா அரிசி தின்பார்களா என்று.

ஆகஸ்ட் 18, புதன்

ஆவணி பிறந்துவிட்டது. நாளை மறுநாள் எனக்கு ரயில்.

காலையில் டீச்சர் எங்கள் வீட்டில் தங்க வந்து இறங்கினார். மங்களேஸ்வரி என்று பெயர், என் வயதுதான் இருக்கும். சாரல் காற்றில் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தார். அத்தை சுக்குக் காப்பி கொடுத்த கையோடு ஆரம்பித்துவிட்டாள். எந்தக் கிணறு நல்ல தண்ணீர், எத்தனை மணிக்குப் போனால் கூட்டமிராது, யாரிடம் மோர் வாங்கக்கூடாது, எந்தத் தெருவில் மாடு முட்டும். அந்தப் பெண் பாவம், எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டது. அத்தை தெருவை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டும் வந்தாள். ராத்திரி குளிரும், ஏட்டி, இழுத்துப் போர்த்திக்கோ என்றாள். ஏட்டியாம்! எனக்குப் பொறாமையாக இருந்தது. இருக்காதா?

மத்தியானம் இரண்டு கவளம் கூடவே சாப்பிட்டாள். அப்புறம் என்னிடம் வந்தாள்.

“மாரி, ஒன் பெட்டிய முன்னறையில தூக்கி வையி. அந்தப் பிள்ளைக்கு எடம் வேணும்லா.”

தூக்கி வைத்தேன். நாலு வருஷம் என் பெட்டி இருந்த இடத்தைத் துடைத்துவிட்டு, டீச்சரின் டிரங்குப் பெட்டியை உள்ளே கொண்டுவர நானும் ஒரு கை பிடித்தேன்.