எந்தப் பக்கம், எந்த வரி

1925 ஜூலை 6, திங்கள்
விடியற்காலையில் சுமத்ராக் காற்றோடு, அதுதான் மேற்கே கடலிலிருந்து வீசும் அந்தச் சூறைக்காற்றோடு, மழை. பள்ளித் திடல் முழுக்கச் சேறு. கூடைப்பந்துக் கம்பம் ஒன்று சாய்ந்துவிட்டது. தோட்டக்காரரிடம் சொல்ல வேண்டும்.

வாங்க: கோடு போடச் சுண்ணாம்பு, ஊதல், எனக்குச் செருப்பு.

என் கூடைப்பந்துக் குழுவில் ஆடும் ராசம்மாவின் அப்பா வந்தார். சிராங்கூன் ரோட்டில் மாட்டுக் கொட்டகை வைத்துப் பால் ஊற்றுகிறவர். பெண் ஒரே வகுப்பில் இரண்டாம் வருஷம், இங்கிலீஷ் வாசிக்க வரவில்லை, இந்த வாரத்தோடு நிறுத்திவிடுகிறேன் என்றார். ஈப்போவிலிருந்து வரன் வந்திருக்கிறதாம். அவளுக்கு வயது பதினாலு! கோபம் வந்தது, காட்டவில்லை. சனிக்கிழமை வேறு பள்ளியோடு அவள் ஆடும் ஆட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். பாதித் தலையாட்டல்.

ஜூலை 8, புதன்
வெயில். தலைவலி.

பாடப் புத்தகம் என்றால் இந்தப் பெண்களுக்கு வேப்பங்காய். அதற்குத்தான் என் ஏற்பாடு. ஆட்டத்தில் நான் சொல்வது தப்பென்றால் வாதாடலாம். ஆனால் விதிப்புத்தகத்தில் அந்த வரியை எடுத்து இங்கிலீஷில் வாசித்துக் காட்ட வேண்டும். வெறும் வாய்ச்சண்டை செல்லாது.

இன்று ராசம்மா எழுத்துக்கூட்டி ஒரு வரி முடிப்பதற்குள் சேற்றில் விழுந்த பந்து காய்ந்தே விட்டது. ஆனால் முடித்தாள். கழுதை. அவள்மேல் எனக்குத் தனிப் பிரியம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

ஜூலை 10, வெள்ளி
தூறல். விதிப்புத்தகத்தை நேற்று ராசம்மா வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தாள். திரும்பி வந்ததில் மாட்டுக் கொட்டகை வாசம். செருப்பு இன்னும் வாங்கவில்லை.

ஜூலை 11, சனி
மேகமூட்டம், மழையில்லை. நடுவர் நானே. முடிய ஒரு நிமிஷம், இரண்டு பக்கமும் நாலு. ராசம்மா எறிந்தாள், கூடையில் விழுந்தது. புள்ளி என்று ஊதினேன். எதிர்ப்பள்ளிப் பெண்கள், அவள் கூடைக்கு முன்னால் கோடு போட்ட வட்டத்துக்கு வெளியே நின்று எறிந்தாள் என்றார்கள். பழக்க தோஷம், புத்தகத்தில் காட்டுங்கள் என்றேன். அவர்களிடம் புத்தகம் ஏது.

ராசம்மா போய் என் பையிலிருந்து எடுத்துவந்தாள். பக்கத்தைத் தேடவே இல்லை. வெளியே நின்று எறிந்தால் புள்ளி கிடையாது என்ற வரியை உரக்க வாசித்தாள். இரண்டு இடத்தில் திக்கினாள், விடவில்லை.

"என் காலு வெளியதான் இருந்துச்சு டீச்சர். நீங்க ஊதுனது தப்பு."

கொடுத்த புள்ளியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். பந்து அவர்கள் கைக்குப் போனது, ஒரு புள்ளியில் தோற்றோம். நம் பிள்ளைகள் அவளோடு பேசவில்லை. எனக்கு வெட்கம், அதைவிடச் சந்தோஷம்.

வேலியோரம் அவள் அப்பா. தப்பில்லாமல் வாசித்தாளா என்று கேட்டார். இரண்டு இடத்தில் திக்கினாள் என்றேன். அர்த்தம் புரிந்துதான் வாசித்தாளா? புரிந்ததால்தான் தோற்றோம் என்றேன்.

வேலியைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தார்.

"டீச்சரையே தப்புன்னுட்டா. இவள இப்ப கட்டிக்குடுத்தா மாமியாருக்குச் சட்டம் வாசிப்பா. ஈப்போவுக்கு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க டீச்சரம்மா. பொண்ணு படிக்குதுன்னு."